பதினாறு மில்லிமீட்டர்

8 ஜூலை 2025, செவ்வாய். மாலை 4.10. கொடுத்த காந்தம் 64. திரும்பி வந்தது 64.

மூன்றாம் வகுப்பு, பி பிரிவு. 32 பேர். நாலு நாலு பேராக எட்டுக் குழு, குழுவுக்கு எட்டுக் காந்தம். ஒன்றுகூடக் குறையவில்லை.

பள்ளி கொடுத்த லாடக் காந்தம் ஒரு குண்டூசியைத் தூக்கவே முக்குகிறது. அதை வைத்து என்ன பாடம் நடத்துவது? ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் கடைத்தெருவில் அலைந்து நானே வாங்கி வந்தேன். சட்டைப் பொத்தான் அளவு, வெள்ளிப் பளபளப்பு, பத்து மி.மீ. அகலம், இரண்டு மி.மீ. கனம். இரண்டு ஒட்டிக்கொண்டால் நகத்தை விட்டுப் பிரிக்க முடியாது. பையன்கள், பெண்கள் எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

தலைமை ஆசிரியை வசந்தகுமாரி மேடம் வாசலில் நின்றார். அவர் பிறந்து வளர்ந்ததே இந்த மெட்டுகுடாதான். தமிழில் பாதி இந்த ஊர் இந்தி கலந்திருக்கும்; 'கைக்கு' என்றால் 'எதுக்கு'. "இத்தனூண்டு சாமான் கைக்கு, மணிவண்ணன்? பெருசா எதுவும் கிடைக்கலையா?" என்றார். கணக்கு என்னிடம் இருக்கிறது என்றேன். "ஹவ், ஹவ்", ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மதியத்துக்கு முன் இரண்டு விளையாட்டு. முதலாவது: தட்டில் குண்டூசி, கிளிப், அழிப்பான், வாஷர் எல்லாம் வைத்து, எது ஒட்டும், எது ஒட்டாது என்று பிரிப்பது. இரண்டாவது: தூண்டில். காந்தத்தை டேப்பால் நூலில் ஒட்டி, தண்ணீர் நிறைந்த டம்ளருக்குள் விட்டு, கை நனையாமல் கிளிப்பை எடுப்பது. தண்ணீருக்குள்ளும் இழுக்கும் என்று நம்பவே மாட்டேன் என்றார்கள். செய்து காட்டினேன். ஒரே கூச்சல். ஐந்தாம் குழு மட்டும் அடங்கவில்லை. "வாயை மூடு!" என்று கத்தினேன். மூடிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகும் படம் வரையும் வேலை இருந்ததால் இடைவேளையில் காந்தங்கள் குழுக்களிடமே இருந்தன. மூன்று மணிக்குத் திரும்ப வாங்கினேன். ஒவ்வொன்றாக எண்ண எனக்குப் பொறுமை கிடையாது. அக்ரிலிக் துண்டில் பதினாறு மி.மீ. பள்ளம் வெட்டி ஒரு கேஜ் செய்திருந்தேன். எட்டுக் காந்தத்தை அடுக்கி நீட்ட வேண்டும். பள்ளத்தில் ஆடாமல் உட்கார்ந்தால் எட்டு. ஆடினால் குறைவு. குழுவுக்கு மூன்று வினாடி. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இரண்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

எட்டுக் குழுவும் பாஸ்.

சுவரில் நட்சத்திர அட்டை மாட்டியிருக்கிறேன். ஒரு பொருள் குறைந்தால் அந்தக் குழுவின் நட்சத்திரம் அத்தனையும் போகும். ஒருத்தி தொலைத்தாலும் நாலு பேருக்கும் வெட்டு. பள்ளி திறந்த நாளிலிருந்து ஒரு பென்சில்கூடக் காணாமல் போகவில்லை. எண்ணிக்கை முதலில், பேச்சு அப்புறம். என் வகுப்பின் சட்டம் இது.

9 ஜூலை, புதன். பகல் 11.50.

62.

ஏ பிரிவுக்கு நடத்தலாம் என்று காந்தக் கட்டியைப் பிரித்தேன். நடுவிலிருந்து நான்கு வாஷர் உதிர்ந்தது. வாஷர் ஒரு மி.மீ. கனம். நான்கு வாஷர், நாலு மி.மீ. அதாவது இரண்டு காந்தத்தின் கனம்.

யாரோ ஒரு குழு இரண்டு காந்தத்தைத் தொலைத்துவிட்டு, மூன்று காந்தம், நடுவில் நான்கு வாஷர், மறுபடி மூன்று காந்தம் என்று அடுக்கி என் கேஜில் வைத்திருக்கிறது. காந்தத்தோடு ஒட்டிய இரும்பும் காந்தமாகும் என்று நேற்றுதானே பாடம் நடத்தினேன். எட்டு வயதுப் பிள்ளைகள் என் பாடத்தை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கின்றன. முதலில் கோபம்தான் வந்தது.

அப்புறம் அந்தப் பாக்கெட் ஞாபகம் வந்தது. பின்பக்கம் சிவப்பில் எழுதியிருந்தது: பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கொடுக்காதே. விழுங்கினால் ஆபத்து. படித்தேன். படித்துவிட்டுத்தான் கிழித்துப் போட்டேன்.

ஒன்றை விழுங்கினால் வந்த வழியே போய்விடும். இரண்டு வெவ்வேறு நேரத்தில் உள்ளே போனால், குடலின் ஒரு மடிப்பில் ஒன்று, அடுத்த மடிப்பில் ஒன்று. ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும். நடுவில் மாட்டுவது குடல் சுவர். நகத்தை விட்டுப் பிரிக்க முடியாது என்று எழுதினேனே. நகத்தை விட யார் இருக்கிறார்கள் அங்கே?

இல்லை. தொலைந்திருக்கும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அதுதான் நடந்திருக்கும்.

அதே நாள், மாலை 5.30.

பி பிரிவில் நின்று கேட்டேன். கேட்டேன் என்பது பொய், கத்தினேன். "எந்தக் குழு? இப்பவே சொன்னா எதுவும் செய்ய மாட்டேன்." முப்பத்திரண்டு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். நட்சத்திர அட்டை என் தலைக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எப்படிச் சொல்வார்கள்?

பள்ளி விட்ட பிறகு நூலில் காந்தம் கட்டி பெஞ்சுகளுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனேன். பதினோரு குண்டூசி, மூன்று ஹேர்பின், ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனை. காந்தம் இல்லை.

மேடத்திடம் சொல்லவில்லை. மூன்று மாத சோதனைக் காலத்தில் நாலு வாரம்தான் ஆகியிருக்கிறது. இந்த வேலையும் போனால் ஊருக்குப் போய் என்ன சொல்வது?

குஷாய்குடா அறைக்கு வந்து சங்கரிடம் சொன்னேன். கூடத் தங்கியிருப்பவன், சாப்ட்வேர். "டேய், சின்னப் பசங்கடா. பளபளன்னு இருந்தா சுட்டுட்டுத்தான் போகும். நாங்கல்லாம் சாக்பீஸ் சுடலியா? யாருக்காவது ஏதாவதுன்னா இந்நேரம் அவங்கப்பன் ஸ்கூல் கேட்ட உடைச்சிருப்பான். பேசாம டீயக் குடி" என்றான்.

டீ குடித்தேன். அவன் சொன்னதை நம்ப வேண்டும் போல இருந்தது. அதனால் நம்பினேன்.

10 ஜூலை, வியாழன். காலை 8.50.

வருகை 31. தாரிணி இல்லை.

அதே நாள், பகல் 1.40. ஆஸ்பத்திரி.

வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் கேட்டேன். தாரிணியின் அம்மா போன் செய்திருந்தாராம். வயிற்றுவலி, வாந்தி, லீவு. தாரிணி ஐந்தாம் குழு. வயிற்றுவலி எந்தக் குழந்தைக்குத்தான் வராது, என்றேன் எனக்குள். அந்தக் குழுவின் மற்ற மூன்று பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். அக்ஷிதா ரிப்பன் நுனியைக் கடித்தாள். ஷ்யாம் தமிழ்ப் பையன், ஒன்றும் தெரியாத அம்பி மாதிரி நின்றான். "மாலூம் நை சார்." தெரியாதாம். ரிஸ்வானாதான் அழ ஆரம்பித்தாள்.

"ஆப் ஸ்டார் காட்தே நா சார்..." நீங்கள் ஸ்டார் வெட்டுவீர்கள், அதனால்தான் சொல்லவில்லை என்கிறாள்.

நான் மண்டியிட்டேன். ஸ்டார் கிடையாது, ஒன்றும் கிடையாது, அட்டையையே கிழிச்சுடறேன், சொல்லும்மா, சொல்லு. உள்ளே ஓடிப்போய் அட்டையைக் கிழித்துக் கொண்டுவந்து அவள் முன்னாலேயே போட்டேன். அப்புறம்தான் வந்தது.

தாரிணி நாக்குக்கு மேலே ஒரு காந்தம், கீழே ஒன்று வைத்து, நாக்கில் அலகு குத்தின மாதிரி காட்டியிருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நான் கத்தினேன். வாயை மூடினாள். மேலே இருந்தது உள்ளே போய்விட்டது. கீழே இருந்தது கையில் விழுந்தது.

ஒன்றுதானே, ஒன்றுதானே என்றேன். ஷ்யாம் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அழுகையில் தமிழ் வந்துவிட்டது.

"இன்னொண்ண தூண்டில் போட்டோம் சார். லஞ்ச்ல, தண்ணி டேங்க் பின்னாடி. நூல்ல கட்டி அவ வாய்க்குள்ள விட்டோம். முத காந்தம் ஒட்டிக்கிட்டு வரும்ல? நீங்கதானே சொன்னீங்க, தண்ணிக்குள்ள இருந்தாலும் இழுக்கும்னு."

"வந்துச்சா?"

"டேப் நனைஞ்சிருச்சு சார். நூல் மட்டும் வந்துச்சு. அப்புறம்தான் நான் நடுவுல வாஷர் வெச்சேன்."

காணாமல் போன பொருளை என்னிடம் சொல்லாமல் மீட்க நாலு பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். நான் கற்றுக்கொடுத்த முறையிலேயே. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி.

9.20க்கு மேடத்தின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். எல்லாம் சொன்னேன். நேற்று 11.50க்கே தெரியும் என்பதையும். "நேத்தா?" என்றார். "கைக்கு சொல்லல? பயமா? உங்களுக்குப் பயம், அதுங்களுக்கு உங்கமேல பயம், நடுவுல அந்தப் பொண்ணு." அதற்கு மேல் திட்டாமல் போனை என் பக்கம் தள்ளினார். "நீங்களே சொல்லுங்க அவங்கம்மாகிட்ட."

லலிதா எடுத்தார். "இப்ப கொஞ்சம் தூங்கறா சார். நேத்து மிர்ச்சி பஜ்ஜி தின்னா, அதான். சிரப் குடுத்திருக்கேன்."

"தாரிணி காந்தம் முழுங்கியிருக்கா. ரெண்டு. நான் வகுப்புல குடுத்தது. இனிமே தண்ணிகூட குடுக்காதீங்க. நான் ஆட்டோ எடுத்துட்டு வரேன்."

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"குழந்தைங்களுக்கு எதுக்கு சார் அத குடுத்தீங்க?"

போனை வைத்தேன். ஓடினேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் தாரிணி சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் வலியிலும் எழுந்து உட்கார்ந்தாள். "குட் மார்னிங் சார்" என்றாள். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போனாலு அம்மன் திருவிழாவுக்குத் தெருவில் பந்தல் போடுகிறார்கள், ஆட்டோ நகரவே இல்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் அம்மாவின் சேலையைக் கடித்தாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். இரண்டு தடித்த வெள்ளைக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு.

சும்மா ஒட்டியிருந்தால் அந்தக் கறுப்புக் கோடு இருக்கக் கூடாது. இவற்றுக்கு நடுவில் முடிகூட நுழையாது. எனக்குத் தெரியும், நூறு தடவை ஒட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில் ஏதோ இருக்கிறது. இரண்டு மி.மீ. இருக்கும். அது அவள்.

அதே நாள், மாலை 4.45.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்று இரைப்பையில், ஒன்று சிறுகுடலில், நடுவில் இரண்டின் சுவரும். டாக்டர் லலிதாவிடம் தெலுங்கில் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்தது: நேற்றே கொண்டுவந்திருந்தால் குழாய் விட்டே எடுத்திருக்க வாய்ப்பு இருந்தது.

நேற்று 11.50. டீ குடித்தேன்.

தாரிணியின் அப்பா முரளி ரயில்வே பட்டறையிலிருந்து சீருடையோடு வந்தார். கையில் கிரீஸ். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், எனக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு.

"அந்த ஸ்டார் சமாச்சாரம் நிஜமா?"

நிஜம் என்றேன்.

"எங்க பட்டறையில ஸ்பேனர் ஒண்ணு குறைஞ்சா, 'என்கிட்டதான் போச்சு'ன்னு வந்து சொல்றவனுக்கு மெமோ கிடையாது. மெமோ குடுத்தா எவன் சொல்வான்? ஸ்பேனர் ரயில் பெட்டிக்குள்ளயே கிடந்து வண்டியோட போயிடும். படிக்காத ஹெல்பருக்கும் இது தெரியும்." என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்ஜினியருன்னு சொன்னா எம்பொண்ணு. பெருமையா சொன்னா."

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடவுளே என்று எழுத எனக்குப் பழக்கமில்லை. கடவுளே.

அதே நாள், 7.05.

வெளியே வந்துவிட்டாள். இரண்டு ஓட்டை, இரண்டும் தைத்தாயிற்று. சீழ் பிடிக்காமல் இருக்க வேண்டும், மூன்று நாள் போக வேண்டும் என்கிறார்கள். நர்ஸ் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பியை முரளியிடம் கொடுத்தார். உள்ளே இரண்டும் ஒட்டியே இருந்தன. இப்போது நடுவில் கோடு இல்லை.

11 ஜூலை, வெள்ளி.

காய்ச்சல் 101. வகுப்பில் என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை. யாரும் பேசவில்லை. முப்பத்தொரு பேர் பேசாமல் இருப்பது எவ்வளவு பயங்கரம்! ஒரு மாதமாக இதைத்தான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

12 ஜூலை, சனி.

102. முரளி போனில் அவ்வளவுதான் சொன்னார்.

13 ஜூலை, ஞாயிறு. காலை 11.

காய்ச்சல் இறங்கிவிட்டது. லலிதா வெளியே நின்ற என்னைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் போய்ப் பாருங்க. அவ கேட்டா. எனக்காக இல்ல" என்றார்.

மூக்கில் குழாய். குரல் கரகரத்தது. "சார்."

"சொல்லும்மா."

"ஹமாரே குரூப்கா கித்னே ஸ்டார் கட் ஹுவே?" எங்கள் குழுவுக்கு எத்தனை ஸ்டார் வெட்டு?

வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு இதைக் கேட்கிறது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டேன். வெளியே வந்து லிஃப்ட் பக்கத்துச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன்.

15 ஜூலை, செவ்வாய்.

நிர்வாகக் கமிட்டிக்காரர் தேவராஜ் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள் என்று ஒரு வரி எழுதித் தந்தால் பள்ளிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது தம்பி, என்றார். பயந்தேன் என்பது உண்மை. ஒரு நிமிடம் பேனாவைக்கூடக் கையில் எடுத்தேன். வேலை வேண்டும் எனக்கு.

அப்புறம் எழுதினேன். வாங்கியது நான். எச்சரிக்கையைப் படித்தது நான். 8ஆம் தேதி கேஜ். 9ஆம் தேதி 11.50. 10ஆம் தேதி 9.20. நேரங்களோடு இரண்டு பக்கம். தேவராஜ் படித்துவிட்டு, "உங்க வேலைக்கு நீங்களே முடிவு எழுதிக்கிட்டீங்க" என்றார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார். தாரிணியின் பெற்றோருக்கு நகல் ஒன்று போகும்.

25 ஜூலை, வெள்ளி.

கடிதம் வந்தது. ஆகஸ்ட் 31 வரைதான். புது ஆளைத் தேடுகிறார்கள். அதுவரை செய்முறை வகுப்பு எதையும் நான் நடத்தக் கூடாது. சரிதான். முரளி பள்ளிக்கு அனுப்பிய புகாரை இன்னும் கடுமையாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதற்காக என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

1 ஆகஸ்ட், வெள்ளி.

ரிஸ்வானா மேஜைக்கு வந்து நின்றாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். கத்தரிக்கோலை உடைத்துவிட்டாளாம். அவளாகவே வந்து சொல்கிறாள். பழைய சூடு தொண்டை வரை வந்தது, உண்மை. விழுங்கிக்கொண்டேன். "கையக் காட்டு" என்றேன். அடிக்கத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாள். வெட்டு எதுவும் இல்லை. திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் இல்லை. "சரி, போய் உக்காரு" என்றதும் ஒரு கண்ணைத் திறந்து, "பஸ், இத்னாச்?" என்றாள். இவ்வளவுதானா?

அவளுக்குப் பின்னால் அக்ஷிதா வரிசையில் நின்றாள். அவள் ஸ்கேலைத் தொலைத்திருந்தாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு. மாலை 6.

நாளை தாரிணி வருகிறாள். மேடம் போன் செய்தார். ஓடக் கூடாது, பை தூக்கக் கூடாது. இன்னும் நாலு வாரம் வேலை பாக்கி இருக்கிறது எனக்கு. மறுபடி பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தை விடக் கூடாது என்று தோன்றுகிறது. நாளைக்கு:

1. ஏழே முக்காலுக்கே போய் அவள் இடத்தை முதல் பெஞ்சுக்கு, வாசல் பக்கம் மாற்றுவது. பை தூக்க ஷ்யாம் கேட்பான். தூக்கட்டும்.

2. கேஜை உடைத்துப் போடுவது. மீதி 62ஐயும் மேடம் கையில் கொடுப்பது, ஒவ்வொன்றாக எண்ணி.

3. ஷ்யாமிடம் தனியாகச் சொல்வது: வாஷர் யோசனை நல்ல மூளை. தூண்டிலும் நல்ல மூளைதான். அடுத்த தடவை யோசனை வந்தால் முதலில் பெரியவர் யாரிடமாவது சொல். நான் இல்லாவிட்டாலும்.

4. வரப்போகும் ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதி வைப்பது. அந்த 11.50ஐயும் சேர்த்து.

5. ஆஸ்பத்திரியில் தாரிணி கேட்டதற்குப் பதில் சொல்வது. முப்பத்திரண்டு பேர் முன்னாலும், கத்தாமல்: ஒன்றும் வெட்டு இல்லை. தப்பு சாருடையது.

6. அதற்கப்புறம் வருகை எடுப்பது.